ஓடாத எஸ்கலேட்டரில் தடுமாறும் கால்கள்

கேள்வி: எனக்கு வயது 41. பதினொரு மாதங்களுக்கு முன்பு ஒரு காலை கண் விழித்ததும் அறையே சுழன்றது. வாந்தி நிற்கவில்லை. உள்காது நரம்பில் அழற்சி, சில வாரங்களில் சரியாகிவிடும் என்றார் மருத்துவர். சுழற்சி ஐந்தாறு நாளில் நின்றுவிட்டது. ஆனால் படகில் நிற்பது போன்ற ஓர் ஆட்டம் அன்றிலிருந்து போகவே இல்லை. நின்றால், நடந்தால், கூட்டமான கடைக்குள் போனால் கூடுகிறது, படுத்தால் குறைகிறது. எம்.ஆர்.ஐ., ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். மூன்று மருத்துவர்களைப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் "இதோடு தீர்ந்தது" என்று நம்பி ஏமாந்தேன். கடைசியாகக் கொடுத்த மாத்திரையின் தாளில் பக்கவிளைவுகளைப் படித்தேன். இரண்டாம் நாளே குமட்டலும் தலைவலியும் வந்ததால் நிறுத்திவிட்டேன். "குணமாகும் என்று நம்பு, பாதி நோய் போய்விடும்" என்கிறார் என் அக்கா. "நீ அதையே நினைத்துக்கொண்டிருப்பதால்தான் போகவில்லை" என்கிறார் கணவர். உண்மையிலேயே என் நம்பிக்கைக் குறைவுதான் காரணமா? இனி எதையும் நம்பவே பயமாக இருக்கிறது. இன்னும் மூன்று மாதத்தில் மகளின் பள்ளி ஆண்டு விழா. பெரிய அரங்கம், கூட்டம். என்னால் போக முடியுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் முதல் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்: இல்லை. மூன்று மருத்துவர்களிடம் போய், மூன்று முறையும் முழு மனதோடு நம்பியவர் நீங்கள். நம்பினால் போய்விடும் என்றால் முதல் முறையே போயிருக்க வேண்டும்.

அதற்காக உங்கள் அக்கா சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் எனக்கு மனமில்லை. நோயாளி எதை எதிர்பார்க்கிறார் என்பது நாள்பட்ட தொந்தரவுகளைக் கூட்டவும் செய்கிறது, குறைக்கவும் செய்கிறது. இதற்கு நல்ல சான்றுகள் உண்டு. ஆனால் எதிர்பார்ப்பையும் நம்பிக்கையையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். உங்கள் நோய்க்கு மிக அருகில் இருக்கும் ஓர் அனுபவத்தை வைத்தே இதை விளக்க முடியும்.

பழுதாகி நின்றுபோன எஸ்கலேட்டரில் எப்போதாவது ஏறியிருக்கிறீர்களா? அது ஓடவில்லை என்று கண்ணுக்குத் தெரியும். மனதுக்கும் தெரியும். இருந்தாலும் முதல் படியில் கால் வைக்கும்போது உடம்பு ஒரு கணம் முன்னால் சாய்ந்து தடுமாறும். ரேனால்ட்ஸ், பிரான்ஸ்டீன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை லண்டனில் சோதித்து 2003இல் வெளியிட்டார்கள். நகரும் மேடை ஒன்றின்மேல் ஆட்களைப் பலமுறை ஏறி நடக்க வைத்தார்கள். அப்புறம் "இனி இது நகராது" என்று தெளிவாகச் சொல்லிவிட்டு மறுபடி ஏறச் சொன்னார்கள். நகராது என்று தெரிந்தும், மேடை நகர்ந்தால் எவ்வளவு வேகம் வேண்டுமோ அந்த வேகத்தில் நடந்துபோய் ஏறினார்கள். உடம்பு முன்னால் சாய்ந்தது. அடுத்தடுத்த முறை ஏறும்போது அந்தத் தடுமாற்றம் மளமளவென்று குறைந்தது.

எதிர்பார்ப்பு என்று நான் சொல்வது இந்தச் சாய்வைத்தான். அது உடல் முன்கூட்டியே போட்டு வைத்திருக்கும் ஒரு கணக்கு. நாம் மனதில் என்ன நம்புகிறோம் என்று அது நம்மைக் கேட்பதில்லை. "நகராது, நகராது" என்று நூறு முறை சொல்லிக்கொண்டு ஏறினாலும் முதல் முறை கால் தடுமாறத்தான் செய்யும். ஏறி, அது நகரவில்லை என்பதைக் கால் தானே உணர்ந்த பிறகுதான் கணக்கு திருந்தும்.

சரி, உங்கள் உடம்பு எந்தக் கணக்கைப் போட்டு வைத்திருக்கிறது? பதினொரு மாதங்களுக்கு முந்தைய அந்தக் காலைக்குப் போவோம். இரண்டு உள்காதுகளிலிருந்தும் சமமாக வந்துகொண்டிருந்த சமிக்ஞைகளில் ஒரு பக்கம் திடீரென்று குறைந்துபோனது. மூளை அதை "தலை வேகமாகச் சுழல்கிறது" என்று எடுத்துக்கொண்டது. விழாமல் இருக்க அவசர ஏற்பாடு ஒன்றைச் செய்தது. காதை நம்பாதே, கண்ணை நம்பு. கழுத்தையும் காலையும் இறுக்கிப் பிடி. சின்ன அசைவைக்கூட விடாமல் கவனி. அந்த வாரத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது. பெரும்பாலானவர்களுக்கு மூளை சில வாரங்களில் புதிய நிலைக்குப் பழகி, இந்த ஏற்பாட்டைக் கைவிட்டுவிடும். சிலருக்கு ஆபத்து போன பிறகும் காவல் மட்டும் நீடிக்கிறது. சாதாரணமாக நிற்கும்போது எல்லார் உடம்பும் மெல்ல ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. யாரும் அதைக் கவனிப்பதில்லை. காவல் நீடிக்கும்போது அந்த இயல்பான ஆட்டமே படகு ஆடுவதுபோல் பெரிதாகத் தெரிகிறது. கடையில் அடுக்கடுக்காக நிற்கும் பொருட்களும் குறுக்கும் நெடுக்கும் போகும் ஆட்களும், கண்ணை மட்டும் நம்பியிருக்கும் மூளையைக் குழப்புகின்றன.

நீங்கள் எழுதியிருப்பதை அப்படியே எடுத்துக்கொண்டால், மருத்துவர்கள் பி.பி.பி.டி. என்று சுருக்கமாகச் சொல்லும் நீடித்த தலைச்சுற்றல் வகையோடு அது நன்றாகப் பொருந்துகிறது. பாரனி சங்கம் என்ற சர்வதேச மருத்துவர் அமைப்பு 2017இல் இதற்கான வரையறையை வெளியிட்டது. மூன்று மாதம் அல்லது அதற்கு மேல், பெரும்பாலான நாட்களில் ஆட்டம். நின்றால், அசைந்தால், கண்ணுக்கு முன் நிறைய அசைவு இருந்தால் கூடுவது. ஒரு கடிதத்தைப் படித்து நோய்க்குப் பெயர் வைப்பது முறையல்ல. இந்தப் பெயரைச் சொல்லி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். இன்னொன்றையும் அவரிடம் சொல்லுங்கள்: படுக்கையில் புரளும்போது சில நொடிகள் மட்டும் அறை சுழல்கிறதா? உள்காது நரம்பு அழற்சிக்குப் பிறகு சிலருக்கு உள்காதில் இருக்கும் நுண்ணிய கற்கள் இடம் மாறுவதுண்டு. அது வேறு பிரச்சினை. தலையைக் குறிப்பிட்ட நிலைகளில் திருப்பி வைக்கும் எளிய முறையில் பெரும்பாலும் ஓரிரு தடவையிலேயே சரிசெய்துவிடலாம். புதிதாகக் காது கேட்காமல் போவது, இரட்டையாகத் தெரிவது, பேச்சு குழறுவது, ஒரு பக்கம் கை கால் பலவீனம், மயங்கி விழுவது, இதுவரை வராத கடுமையான தலைவலி இவற்றில் எது வந்தாலும், இந்தப் பதிலை ஓரமாக வைத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உங்கள் கணவருக்கும் இங்கே ஒரு வார்த்தை. உள்காதில் எவ்வளவு சேதம் மிஞ்சியிருக்கிறது என்பதைவிட, அந்த முதல் நாட்களில் உடம்பின் அசைவுகளைப் பற்றி எழுந்த பயமும், நிலையாக நிற்க நோயாளி கண்ணை எவ்வளவு சார்ந்திருக்கிறார் என்பதும்தான் பின்னால் நீடிக்கும் தொந்தரவோடு அதிகம் பொருந்துகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதைப் படித்துவிட்டு "நான் சொன்னதுதானே, எல்லாம் உன் மனசு" என்று அவர் சொல்லக்கூடும். தயவுசெய்து சொல்ல வேண்டாம். அறை சுழல, வாந்தி எடுத்துக்கொண்டு தரையில் கிடக்கும் யாருக்கும் பயம் வரும். அந்தப் பயம் உடம்பின் கணக்கில் ஏறிக்கொண்டது. அதை நீங்கள் விரும்பி நினைத்துக்கொண்டிருக்கவில்லை. நினைக்காதே என்று சொன்னால் கவனம் மேலும் அங்கேதான் போகும்.

எதிர்பார்ப்பு வெறும் எண்ணமாக நின்றுவிடுவதில்லை, உடம்பில் வேலை செய்கிறது என்பது 1978இலேயே ஒரு பல் மருத்துவ ஆய்வில் தெரிந்தது. பல் பிடுங்கிய பின் மருந்தில்லாத ஊசியைப் போட்டும் சிலருக்கு வலி குறைந்தது. உடம்பே சுரக்கும் வலி நிவாரணிகளைத் தடுக்கும் நலோக்சோன் என்ற மருந்தைக் கொடுத்ததும் அந்த நிவாரணம் போய்விட்டது. "சும்மா தோன்றியது" என்று அதைத் தள்ள முடியாது.

மருத்துவரின் சொல்லும் இதில் சேர்கிறது. பிரிட்டனில் கே. பி. தாமஸ் என்ற குடும்ப மருத்துவர், தொந்தரவு இருந்தும் நோய் இன்னதென்று பிடிபடாத 200 பேரைப் பற்றி 1987இல் எழுதினார். ஒரு பாதிப் பேருக்கு, இன்னது என்று ஒரு பெயர் சொல்லி, சில நாட்களில் குணமாகிவிடும் என்று உறுதியாகச் சொன்னார். மற்றவர்களிடம் "உங்களுக்கு என்னவென்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை" என்றார். இரண்டு வாரம் கழித்து முதல் பிரிவில் 64 சதவீதம் பேரும், இரண்டாவதில் 39 சதவீதம் பேரும் குணமானதாகச் சொன்னார்கள். மருந்துச் சீட்டு கொடுத்தாரா இல்லையா என்பதால் பெரிய வித்தியாசம் ஏற்படவில்லை: கொடுத்தவர்களில் 53 சதவீதம், கொடுக்காதவர்களில் 50 சதவீதம் பேர் குணமானதாகச் சொன்னார்கள்.

இதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் உங்களைப் போலவே தலைச்சுற்றலோடு வந்த ஒருவரிடம், ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "எல்லாம் நார்மல், உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்பினேன். நல்ல செய்தி சொன்னதாக நினைத்தேன். ஆறு மாதம் கழித்து அவர் திரும்பி வந்தபோது தனியாகத் தெருவில் நடப்பதையே விட்டிருந்தார். "உங்களாலேயே கண்டுபிடிக்க முடியாத ஏதோ ஒன்று எனக்கு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன் டாக்டர்" என்றார். என் "ஒன்றுமில்லை" அவர் காதில் அப்படித்தான் விழுந்திருக்கிறது. நார்மல் ரிப்போர்ட்டைக் கையில் கொடுக்கும்போது, பின் எதனால் ஆடுகிறது என்ற விளக்கத்தையும் சேர்த்துக் கொடுக்காவிட்டால், அந்த இடத்தைப் பயம் நிரப்பிக்கொள்ளும். உங்களுக்கும் இதுவரை யாரும் அந்த விளக்கத்தைத் தரவில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. அதற்காக வருந்துகிறேன்.

ஆனால் எதிர்பார்ப்பால் எல்லாம் முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2011இல் வெளியான ஆஸ்துமா ஆய்வு ஒன்றை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். மருந்துள்ள இன்ஹேலர், மருந்தில்லாத இன்ஹேலர், போலி அக்குபங்சர் மூன்றிலும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு, பாதி நிவாரணம் கிடைத்ததாக நோயாளிகள் சொன்னார்கள். நுரையீரலின் அளவீட்டை எடுத்துப் பார்த்தால், மருந்துள்ள இன்ஹேலருக்கு 20 சதவீத முன்னேற்றம். மற்ற இரண்டுக்கும், எதுவுமே கொடுக்காமல் காத்திருந்ததற்கும் ஒரே மாதிரி 7 சதவீதம்தான். மூச்சுத்திணறல் என்ற உணர்வு குறைந்தது, மூச்சுக்குழாய் திறக்கவில்லை. அதனால்தான், நம்பிக்கையே மருந்து என்று சொல்லி ஒருவரின் இன்ஹேலரையோ இன்சுலினையோ நிறுத்தச் சொல்பவர்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது. உங்கள் விஷயத்தில் தொந்தரவே உணர்வுக் கணக்கில்தான் இருக்கிறது. அதனால் எதிர்பார்ப்பை மாற்றுவதற்கு இங்கே நிறைய இடமிருக்கிறது.

அந்த மாத்திரையைப் பற்றிப் பேசுவோம். பெயரை நீங்கள் எழுதவில்லை. இந்த வகைத் தலைச்சுற்றலுக்குப் பெரும்பாலும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரைகளைக் குறைந்த அளவில் தொடங்குவார்கள். அவை மனச்சோர்வுக்கும் தரப்படுபவை. உங்களுக்கு மனச்சோர்வு என்று யாரோ முடிவு செய்துவிட்டதாக நினைக்க வேண்டாம். முதல் ஓரிரு வாரங்களில் குமட்டலும் தலைவலியும் உண்மையிலேயே வரக்கூடும். பெரும்பாலும் தானாகவே அடங்கும். அதே சமயம், தாளில் படித்ததும் அதில் ஒரு பங்கைக் கூட்டியிருக்கலாம்.

பக்கவிளைவால் ஸ்டாடின் என்ற, ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையை நிறுத்திய 60 பேரை வைத்து லண்டனில் ஒரு ஆய்வு நடந்தது, 2020இல் வெளியானது. ஓராண்டில் நான்கு மாதம் உண்மையான மாத்திரை, நான்கு மாதம் பார்க்க அதேபோல் இருக்கும் வெற்று மாத்திரை, நான்கு மாதம் எதுவுமில்லை. மாதங்களைக் கலைத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அன்றாடத் தொந்தரவுக்கு 100க்கு எவ்வளவு என்று அவர்களே மதிப்பெண் போட்டார்கள். எதுவும் சாப்பிடாத மாதங்களில் சராசரி 8. வெற்று மாத்திரை மாதங்களில் 15.4. உண்மையான மாத்திரையில் 16.3. அவர்கள் யாரும் நடிக்கவில்லை. தொந்தரவு இரண்டு மடங்கானது நிஜம்; அதில் பெரும்பகுதி "மாத்திரை சாப்பிடுகிறேன்" என்பதிலிருந்து வந்தது. தங்கள் மதிப்பெண்களைத் தாங்களே பார்த்த பிறகு, அவர்களில் 30 பேர் மருந்தை மீண்டும் தொடங்கிவிட்டார்கள். எனக்கு இதில் பிடித்தது கடைசிப் பகுதிதான். யாரும் அவர்களை நம்பச் சொல்லவில்லை. தங்கள் பதிவைத் தாங்களே பார்த்தார்கள். நீங்கள் மருத்துவரிடம், இன்னும் குறைந்த அளவில் தொடங்கி மெதுவாகக் கூட்ட முடியுமா என்று கேளுங்கள். வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் தவறில்லை. மாத்திரை இல்லாமலும் வழியுண்டு. தொடங்கிவிட்டால் நீங்களாகச் சட்டென்று மட்டும் நிறுத்தாதீர்கள்.

முக்கியமான வழி, உடம்பின் கணக்கைத் திருத்துவதுதான். உள்காது சார்ந்த பயிற்சியில் அனுபவமுள்ள ஒரு பிசியோதெரபிஸ்ட் கிடைத்தால் நல்லது. தலையைத் திருப்புவது, நடப்பது, கண்முன் அசைவுகளைப் பார்ப்பது என்று உங்களுக்கு ஏற்ற அளவில் தொடங்கிக் கூட்டிக்கொண்டே போவார். அதோடு ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். தினமும் நீங்கள் தவிர்த்துவரும் சின்னக் காரியம் ஒன்றை எடுங்கள். கடைக்குள் ஐந்து நிமிடம் நடப்பது என்று வைத்துக்கொள்வோம். போவதற்கு முன் எழுதுங்கள்: "ஆட்டம் பத்துக்கு ஒன்பதுக்குப் போகும். விழுந்துவிடுவேன். நாள் முழுக்கப் படுக்க வேண்டி வரும்." வந்த பிறகு நடந்ததை எழுதுங்கள்: "ஏழு வரை போனது. விழவில்லை. நாற்பது நிமிடத்தில் அடங்கியது." உங்களுக்கு வேண்டியது இந்த இரண்டு வரிகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளிதான். ஆட்டமே வரக் கூடாது என்பது இலக்கு இல்லை. பயந்தபடி நடக்கவில்லை என்று உடம்புக்குத் தெரிய வேண்டும். நோட்டில் எழுதுவது அந்த ஒரு காரியத்துக்கு மட்டும். மற்ற நேரத்தில் "இப்போது ஆடுகிறதா" என்று உங்களை நீங்களே சோதித்துக்கொண்டிருக்காதீர்கள். அது காவலுக்கு ஆள் சேர்ப்பது போல.

நோயாளிகள் பெரும்பாலும் தவறவிடுவது ஒன்று உண்டு. சுவரைத் தொட்டுக்கொண்டே நடப்பது, கணவரின் கையைப் பிடித்துக்கொள்வது, ஒரு புள்ளியையே பார்த்துக்கொண்டு போவது. இப்படிப் போய்வந்தால், "சுவர் இருந்ததால் தப்பித்தேன்" என்றுதான் மூளை கணக்கு எழுதும். பழைய கணக்கு அப்படியே இருக்கும். ஒரே நாளில் எல்லாவற்றையும் விட வேண்டாம். இந்த வாரம் முழங்கையைப் பிடிப்பதற்குப் பதில் அவர் பக்கத்தில் மட்டும் நடக்கட்டும். அடுத்த வாரம் இரண்டடி பின்னால் வரட்டும். உங்கள் கணவர் உதவ நினைத்தால், இதைவிடப் பெரிய உதவி இல்லை.

இந்த முறை எல்லா நாள்பட்ட நோய்க்கும் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். கொஞ்சம் அதிகமாக நடமாடினாலே மறுநாளோ அதற்கடுத்த நாளோ நோய் முழுவதுமாகச் சாய்த்துப் போடும் நாள்பட்ட களைப்பு நோய் உள்ளவர்களை, இப்படிப் படிப்படியாகக் கூட்டச் சொன்னால் மோசமாகலாம். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் அமைப்பான நைஸ், 2021இல் அவர்களுக்கு அந்தப் பயிற்சி முறையைத் தர வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. உங்களுக்கு அப்படி நடப்பதாகக் கடிதத்தில் இல்லை. நடந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அப்புறம், "இனி நம்பவே பயமாக இருக்கிறது" என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் பலமுறை படித்தேன். ஒவ்வொரு மருத்துவரிடமும் நீங்கள் வைத்த எதிர்பார்ப்பு ஒன்றே: இந்த மாத்திரையோடு ஆட்டம் அடியோடு நிற்கும். மூன்றாம் நாள் கொஞ்சம் ஆடினாலும், அந்தக் கணக்குப்படி அது தோல்வி. அவ்வளவு பெரிய எதிர்பார்ப்பை இப்போது உங்களிடம் நான் கேட்கவில்லை. உண்மைக்கு நெருக்கமாக ஒன்றைச் சொல்கிறேன். வாரங்களில் அல்ல, மாதங்களில் குறையும். நேர்கோட்டில் குறையாது, தூக்கம் கெட்ட நாளிலும், சளி பிடித்த வாரத்திலும், சில சமயம் காரணமே இல்லாமலும் ஏறும். ஏறிய நாளில் பழைய இடத்துக்கே போய்விட்டேன் என்று தோன்றும். அன்று நோட்டைப் பின்னால் புரட்டி, ஆறு வாரத்துக்கு முன் எந்தக் கடைக்குள் போக முடியாமல் இருந்தீர்கள் என்று பாருங்கள். நிறையப் பேருக்கு நன்றாகவே குறைகிறது. சிலருக்குக் கொஞ்சம் மிஞ்சும், ஆனால் வாழ்க்கையை முடக்காது. இதை நீங்கள் நம்பக்கூட வேண்டாம். செய்து பாருங்கள், போதும்.

உங்கள் அக்காவிடம் கோபப்படாதீர்கள். "நம்பு" என்று சொல்வதற்குப் பதில், வாரம் ஒருமுறை உங்களோடு கடைக்கு வரச் சொல்லுங்கள்.

ஆண்டு விழாவுக்கு மூன்று மாதம் இருக்கிறது. போகலாம் என்றுதான் நினைக்கிறேன். அன்றைக்குத்தான் முதல் முறையாக அந்த அரங்கத்துக்குள் நுழைவது என்று மட்டும் வைத்துக்கொள்ள வேண்டாம். பள்ளியில் கேட்டு, அரங்கம் காலியாக இருக்கும் ஒரு நாள் போய் நடந்து பாருங்கள். ஒத்திகை நாளில், பாதிக் கூட்டத்தில், அரைமணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். முதலில் கதவோரம் உட்கார்ந்தாலும் பரவாயில்லை, அடுத்த முறை நான்கு வரிசை உள்ளே போங்கள். விழா அன்று விளக்குகள் மாறும், சத்தம் இருக்கும், ஆட்டம் வரும். அது வரும் என்று எதிர்பார்த்தே போங்கள். மகள் மேடைக்கு வரும்போது எழுந்து நின்று பாருங்கள். முன்னால் இருக்கும் நாற்காலியைப் பிடித்துக்கொள்ளத் தோன்றினால் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு நாள் நோட்டில் எதுவும் எழுத வேண்டாம்.